நீர் விட்ட பச்சடி

பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளச் செய்த வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி பெரும்பாலும் ஒரு கிண்ணமாவது மிஞ்சிவிடும். மறுநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தால் தயிர் தனியாக, தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும். கெட்டுவிட்டது என்று பலர் அதைச் சிங்க்கில் கொட்டிவிடுகிறார்கள். வெறும் தண்ணீர் பிரிந்ததை வைத்து அப்படி முடிவுகட்ட வேண்டியதில்லை. வெள்ளரிக்காயில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர்தான். உப்புப் பட்டதும் அந்த நீர் காயைவிட்டு வெளியே வந்துவிடும். கரண்டி போட்டுக் கலக்கிய தயிரும் தன் பங்குக்குத் தெளிநீர் விடும். காயில் இருந்தது கிண்ணத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை மறுபடியும் பச்சடியாகவே பரிமாறப் பார்ப்பதுதான் வீண் வேலை. எவ்வளவு கலக்கினாலும் பழைய கெட்டி வராது, காயின் நறுக்கென்ற கடியும் திரும்பாது. ஆனால் வேறு சில பண்டங்களுக்கு அது பாதிக்கு மேல் தயாராகிவிட்டது.

இதே தயிரும் வெள்ளரியும் உப்பும் பல நாட்டுச் சமையல்களில் உண்டு. அவற்றைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் தண்ணீரின் அளவே. கிரேக்கர்கள் சட்ஸீக்கி செய்யும்போது காயைத் துருவி, உப்பிட்டுப் பிழிந்து, வடிகட்டிய கெட்டித் தயிரில் சேர்க்கிறார்கள். துருக்கியர்களோ ஜாஜிக்கில் வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றி, காய்ந்த புதினா தூவிக் கரண்டியால் பருகுகிறார்கள். பல்கேரியாவின் தராத்தோர், வால்நட்டும் பூண்டும் சேர்ந்த குளிர்ந்த சூப். ஈரானில் கோடைக்கென்றே ஆப்-தூக்-கியார் இருக்கிறது; நீர்த்த மோரில் வெள்ளரி, திராட்சை, வால்நட், பனிக்கட்டியோடு காய்ந்த ரொட்டித் துண்டுகளையும் ஊறவைத்துச் சாப்பிடுவார்கள். நாம் குறையென்று நினைக்கும் நீர்ப்பதம் அங்கே தேடிச் செய்கிற பக்குவம். நமக்கும் இது புதிதில்லை. மிஞ்சிய பச்சடியை இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயத்தோடு மிக்ஸியில் ஓட்டி, வேண்டிய தண்ணீர் விட்டு வடிகட்டினால் நீர்மோர். கம்பங்கூழைக் கரைக்கவும் பழைய சோற்றில் விட்டுப் பிசையவும் அப்படியே உதவும். வெங்காயம் போட்ட பச்சடிக்கு அந்த இரண்டும் மோரைவிடப் பொருத்தம்.

அடுப்பில் ஏற்றினால் திரிந்துவிடுமே என்பது நியாயமான அச்சம். தயிரில் ஏற்கெனவே புளிப்பால் இறுகிய புரதம், சூடு ஏற ஏற மேலும் சுருங்கித் தண்ணீரைக் கக்கும்; திரிதல் என்பது அதுதான். இதற்கு மருந்து மோர்க்குழம்பிலேயே இருக்கிறது. ஊறவைத்த துவரம்பருப்பையும் பச்சரிசியையும் தேங்காய், சீரகம், பச்சை மிளகாயோடு அரைத்துக் கலக்கும்போது, மாவுச்சத்து புரதத்தை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவிடாமல் தடுக்கிறது. துருக்கியின் யாய்லா சூப்பில் தயிரோடு மாவும் முட்டை மஞ்சள் கருவும் சேர்ப்பதும் இதற்காகவே. மோர்க்குழம்பில் வெண்பூசணி செய்யும் வேலையை வெள்ளரியும் செய்யும். சிறு தீயில் வைத்து, நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும். பச்சை வெங்காயம் கலந்திருந்தால் மட்டும் குழம்பு வேண்டாம், வாடை தூக்கலாகிவிடும். அதற்கு ரவை நல்லது. ரவையும் கொஞ்சம் அரிசி மாவும் பச்சடியில் போட்டு அரை மணி நேரம் விட்டால், பிரிந்த நீரையெல்லாம் ரவை குடித்துவிடும். தேவையானால் தண்ணீர் தெளித்துக்கொண்டு கெட்டியாகவே தோசை வார்க்கலாம். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் தயிரின் புளிப்போடு சேர்ந்து மாவு உப்பும். மங்களூர்ப் பக்கம் அரிசியோடு வெள்ளரிக்காயை அரைத்தே தோசை வார்க்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் துருவிய வெள்ளரியைத் தாலிபீட் மாவில் பிசைகிறார்கள். உப்பை மட்டும் ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள், பச்சடியில் முன்பே இருக்கிறது. கோழிக்கறி ஊறவைக்கவும் இது ஆகும். ஆனால் நீர்த்த தயிர் கறியில் ஒட்டாது. துணியில் வடிகட்டிக் கெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, வடிந்த நீரில் சப்பாத்தி மாவு பிசையலாம்.

மிச்சத்தைச் சாப்பிட்டால் வயிற்றுக்கு ஆகுமா என்ற கேள்வியை மட்டும் லேசாக விடக் கூடாது. தயிரின் புளிப்பு ஓரளவு காவல்தான், முழுக் காவல் இல்லை. நறுக்கிய பச்சைக் காயும் பலர் கைபட்ட கரண்டியும் அதில் கலந்திருக்கின்றன. எளிதில் கெடும் உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் 5 டிகிரிக்குக் கீழே குளிரவைக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். விருந்து முடியும்வரை மேசையிலேயே கிடந்த பச்சடியை ஃப்ரிட்ஜில் வைத்தும் பயனில்லை. கொதிக்கவைத்துவிட்டால் போதும் என்பதும் பிழை. கிருமிகள் விட்டுச்சென்ற சில நச்சுகள் சூட்டுக்கு அழிவதில்லை. நுரைத்து, பிசுபிசுத்து, பூஞ்சை பிடித்துப் போனால் கொட்டத்தான் வேண்டும். ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றலாம் என்று நினைப்பதும் வீண். காய் தொளதொளத்து, தயிர் திரிதிரியாகிவிடும்.

சமைத்தால் தயிரின் நல்ல பாக்டீரியா செத்துவிடுமே என்பவர்கள் சொல்வது உண்மை. அவர்களுக்கு நீர்மோர் இருக்கிறது. மற்றபடி, புரதமும் கால்சியமும் அடுப்பில் தொலைந்துவிடுவதில்லை. ஒரு கிண்ணப் பச்சடிக்கு இத்தனை பாடா என்று அலுத்துக்கொள்பவர்கள், பரிமாறும் அளவை மட்டும் தனியே எடுத்து உப்புப் போடலாம். மிச்சம் அவ்வளவு சீக்கிரம் நீர் விடாது. அப்படியும் மிஞ்சினால், வெங்காயம் இல்லாததை மோர்க்குழம்புக்கும் வெங்காயம் போட்டதை ரவைக்கும் மறுநாளே எடுத்துவிடுங்கள்.