முதல் அல்ட்ரா: கால் மட்டும் தயாரானா போதாது

ஹாஃப் மாரத்தான் எபிசோட் கேட்ட நிறைய பேர் கேட்ட கேள்வி, "ப்ரோ, நாள் முழுக்க ஓடுற ரேஸுக்கு எப்படித் தயாராகுறது?" நானும் இப்போ அதுக்குத்தான் தயாராகிட்டு இருக்கேன். அதனால சேர்ந்தே பார்த்துடலாம்.

உதாரணத்துக்குத் தென்னாப்பிரிக்காவோட காம்ரேட்ஸ் மாரத்தானை எடுத்துக்குவோம். 1921ல ஆரம்பிச்சது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் நடுவுல, மேடும் பள்ளமுமா கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். டைம் லிமிட் 12 மணி நேரம். நேரம் முடிஞ்சதும் ஒருத்தர், ஓடி வர்றவங்களுக்கு முதுகைக் காட்டி நின்னு, துப்பாக்கியால சுடுவார். ஒரு நொடி லேட்டானாலும் மெடல் கிடையாது.

நடக்கவும் பழகணும்

கணக்கு சிம்பிள். 90 கிலோமீட்டர், 720 நிமிஷம். கிலோமீட்டருக்கு 8 நிமிஷம். ஆறு நிமிஷம் ஓட்டம் (7 நிமிஷ வேகம்), ரெண்டு நிமிஷம் நடை (11 நிமிஷ வேகம்)னு மாத்தி மாத்திப் போனா, 11 மணி 33 நிமிஷத்துல முடிச்சிடலாம். மீதி 27 நிமிஷம் சாப்பாட்டுக்கும் டாய்லெட்டுக்கும். ஆனா கால் ஓய்ஞ்ச பிறகு நடக்கிறது வேற. முதல் மணி நேரத்துலயே, தெம்பு இருக்கும்போதே நடக்கணும். அதுக்குத்தான் பயிற்சி.

வயித்துக்கும் பயிற்சி

மணிக்கு 60 கிராம் கார்போஹைட்ரேட்ங்கிறது பலரும் வச்சுக்கிற இலக்கு. ரெண்டு பெரிய வாழைப்பழம்னு வச்சுக்கங்க. ஓடிக்கிட்டே அவ்வளவு சாப்பிட வயிறு சும்மா ஒத்துக்காது. வாராவாரம் லாங் ரன்ல கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். ரேஸ் அன்னைக்குப் புதுசா ஒண்ணு சாப்பிடுறது, டெஸ்ட் பண்ணாத கோடை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ரொடக்‌ஷன்ல போடுற மாதிரி.

தண்ணீர் விஷயம்

நான் கோட்டை விட்டது இங்கதான். போன மாசம் ஈசிஆர்ல ஆறு மணி நேர ரன். வெயிலுக்குப் பயந்து, தாகம் இல்லாதப்பவும் குடிச்சுக்கிட்டே இருந்தேன். கடைசியில தலைவலி, குமட்டல். மோதிரத்தைக் கழட்ட முடியல, விரல் அப்படி வீங்கிருச்சு. தண்ணி பத்தலைன்னு நினைச்சு இன்னும் ரெண்டு பாட்டில் வாங்கப் போனேன். கூட வந்த அண்ணன்தான் தடுத்தார். வீட்டுக்கு வந்து எடை பார்த்தா, கிளம்பினதைவிட ஒரு கிலோ அதிகம்!

வியர்வையில போறதைவிட அதிகமா குடிச்சா, ரத்தத்துல சோடியம் நீர்த்துப்போகும். நீண்ட நேரம் ஓடும்போது உடம்பு சிறுநீரைக் குறைச்சிடுறதால, கூடுதல் தண்ணி வெளியேயும் போகாது. முத்திப்போனா மூளை வீங்கும், உயிரே போகலாம். இதுக்குப் பேர் ஹைப்போநேட்ரீமியா. 2002 பாஸ்டன் மாரத்தான்ல 488 பேரோட ரத்தத்தைச் சோதிச்சப்போ, 13 சதவீதம் பேருக்கு இது இருந்தது. எலக்ட்ரோலைட் கலந்து குடிச்சாலும், அளவுக்கு மிஞ்சினா இதே கதிதான்.

அதனால தாகத்துக்குக் குடிங்க. லாங் ரன்னுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க. கொஞ்சம் குறைஞ்சிருந்தா இயல்பு. கூடியிருந்தா அளவைக் குறைங்க. குழப்பம், வாந்தி, வலிப்புன்னா உடனே ஆஸ்பத்திரி. இன்னொண்ணு: ஓட்டத்து நடுவுல இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை வேண்டாம், கிட்னிக்கு ஆபத்து.

அடுத்த வாரம் மறுபடி அதே ஆறு மணி நேரம். மோதிரத்தை வீட்டுலயே கழட்டி வச்சிட்டு, இந்தத் தடவை தாகம் எடுத்தா மட்டும் குடிக்கப் போறேன். எடை என்ன ஆச்சுன்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன்.