துடைக்கும் நேரத்தில் பறிபோகும் விரல்கள்

ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டு காலண்டர்களின் ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதற்குப் பின் ஆண்டு முடியும்வரை அச்சகங்கள் இரவு பகலாக ஓடும். ஓடும் இயந்திரத்தை நிறுத்தாமலே துடைத்துவிடலாம் என்ற அவசரமும் அந்த மாதங்களில்தான் கூடுகிறது.

இடுக்கில் சிக்கும் துணி

ஆஃப்செட் இயந்திரத்தில் இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழன்று உள்நோக்கிச் சேரும் இடுக்குதான் மிக ஆபத்தான இடம். மணிக்கு 10,000 தாள் அடிக்கும்போது, சுற்றுக்கு ஒரு தாள் என்று பார்த்தால், சிலிண்டர் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை சுழல்கிறது. விரல் பட்டதை உணர்ந்து கையை இழுக்கக் கால் நொடியாவது ஆகும். அதற்குள் சிலிண்டர் அரைச் சுற்றைத் தாண்டிவிடும். மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பான பிளாங்கெட்டைத் துடைக்கும் துணியின் நுனி மாட்டினாலே போதும், கையும் சேர்ந்து உள்ளே போய்விடும்.

"பார்த்து வேலை செய்" என்ற அறிவுரை இந்த வேகத்துக்கு முன் எடுபடாது.

கழற்றி வைத்த மூடிகள்

ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவே சொல்லியிருந்தது. நல்ல இயந்திரங்களில் மூடியைத் திறந்தால் ஓட்டம் நின்றுவிடும்; துடைப்பதற்கென்று, பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் மெல்ல நகரும் வசதியும் உண்டு. கட்டிங் மெஷினில் இரண்டு கைகளும் இரண்டு பொத்தான்களில் இருந்தால்தான் கத்தி இறங்கும். வேலை தாமதமாகிறது என்று மூடியைக் கழற்றி வைப்பதும், ஒரு பொத்தானை டேப் சுற்றி அழுத்தி வைப்பதும் மன்னிக்க முடியாத செயல்கள். பழைய இயந்திரத்தை வாங்கும் முதலாளி முதலில் இந்தத் தடுப்புகள் சரியாக இருக்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஓசாகாவில் நடந்தது

துடைப்பதில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் உண்டு. ஜப்பானின் ஓசாகாவில் ஓர் அச்சகத்தில் போதிய காற்றோட்டமில்லாத அறையில் மை துடைத்த இளம் தொழிலாளர்கள் பலருக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது 2012-இல் வெளியே தெரிந்தது. துடைக்கப் பயன்பட்ட 1,2-டைகுளோரோபுரோபேன் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் உறுதி செய்தது.

மதிப்பீடு எப்படி?

இத்தகைய ஆபத்துகள் எங்கே இருக்கின்றன என்று முன்கூட்டியே கண்டறியும் அபாய மதிப்பீட்டுக்குப் பெரிய நிபுணர் தேவையில்லை. மெஷின்மேனையும் உதவியாளரையும் உட்காரவைத்து, தாள் சிக்கினால், மை மாற்றினால், கத்தி மாற்றினால் கை எங்கே போகிறது என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். சிறு காயத்தோடு தப்பிய சம்பவங்களையும் மறைக்காமல் சொல்ல வைக்க வேண்டும். ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா என்பது முதல் கேள்வி. முடியாவிட்டால் தடுப்பு, அதன்பின் பயிற்சி. நம் அச்சகங்கள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

விரல் துண்டானால்

காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடிக்கவும். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் இட்டு, அந்தப் பையை ஐஸ் கலந்த நீரில் வைக்கவும். விரலில் ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. உடனே 108-ஐ அழைத்து, விரலை ஒட்டவைக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு விரையவும். அருகில் அந்த வசதி எங்கே இருக்கிறது என்று இன்றே விசாரித்து, இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.