அறிவியல் புனைவில் இயந்திர மாந்தர்: நடிப்பை மதிப்பிட மெய்ப்பாட்டியல் தரும் அளவுகோல்

ஆய்வுச் சுருக்கம்

அறிவியல் புனைவுத் தொடர்களிலும் திரைப்படங்களிலும் வரும் இயந்திர மாந்தரைப் பற்றிய விவாதங்களில், பாத்திரத்திற்கு உணர்ச்சி உண்டா என்னும் வினாவும் நடிகர் திறம்பட நடித்தாரா என்னும் வினாவும் பிரித்தறியப்படாமல் கலந்துவிடுகின்றன. இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் துணைநிற்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் டேட்டா, சுஜாதாவின் ஜீனோ, ‘எந்திரன்’ திரைப்படத்தின் சிட்டி ஆகிய மூன்று பாத்திரங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. உண்மையான தொழில்துறை இயந்திரன்கள் இயங்கும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் உற்பத்தி வழித்தடம் ஒப்பீட்டுக் களமாக அமைகின்றது.

திறவுச் சொற்கள்: அறிவியல் புனைவு, இயந்திரன், மெய்ப்பாடு, நடிப்பு, தொழிற்கூடம்.

முன்னுரை

இயந்திரப் பாத்திரமேற்ற நடிகரைப் பற்றி இரு தரப்பினர் வாதிடுவது வழக்கம். முகத்தில் எதுவும் தோன்றவில்லை, ஆகவே நடிப்பு இல்லை என்பர் ஒரு சாரார். இயந்திரத்தின் முகத்தில் எதுவும் தோன்றலாகாது, ஆகவே அதுவே நடிப்பு என்பர் மற்றொரு சாரார். இரு தரப்பும் ஒரே சான்றையே காட்டுகின்றன. முடிவுகள் மட்டும் நேர்மாறாக அமைகின்றன. சான்று ஒன்றாக இருக்கும்போது முடிவுகள் இவ்வாறு வேறுபடுமாயின், குறை அளவுகோலில் உள்ளது எனக் கொள்ளலாம். அவ்வளவுகோலைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேடையில் பிறந்த இயந்திரன்

‘ரோபோ’ என்னும் சொல் ஒரு நாடகத்தின் வழியாகவே உலகிற்கு அறிமுகமானது. செக் எழுத்தாளர் கரெல் சாபெக்கின் நாடகம் 1920இல் நூலாக வெளிவந்து 1921இல் மேடையேறியது. அதில் இயந்திர மாந்தரை மனித நடிகர்களே நடித்துக் காட்டினர். முதல் தொழில்துறை இயந்திரக் கையாகிய யூனிமேட் அமெரிக்கக் கார் ஆலை ஒன்றில் பணியில் அமர்த்தப்பட்ட ஆண்டு 1961. ஆகவே தொழிற்கூடத்தில் இயங்குவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே இயந்திரன் நடிகரின் உடலில் வாழத் தொடங்கிவிட்டது. விறைப்பான நடை, ஏற்ற இறக்கமற்ற குரல், இமையாத கண் என நாம் இயந்திரத்தின் இயல்புகளாகக் கருதுபவற்றுள் பெரும்பாலானவை நடிகர்கள் வகுத்துக்கொண்ட மரபுகளேயாகும்.

மெய்ப்பாட்டியல் நோக்கு

உள்ளத்து நிகழ்வது பிறர் அறியுமாறு உடலின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடு. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கின்றது. இக்கோட்பாட்டில் மூன்று உறுப்புகள் உள்ளன: உணர்வைத் தோற்றுவிக்கும் களன், அவ்வுணர்வு வெளிப்படும் உடல், அதனைக் கண்டு பொருள்கொள்ளும் பிறர்.

மனிதப் பாத்திரத்தில் இம்மூன்றும் இயல்பாக இணைந்து நிற்கின்றன. இயந்திரப் பாத்திரத்தில் நடுவிலுள்ள உறுப்பு அடைக்கப்படுகின்றது. களன் உண்டு, காண்போரும் உண்டு. உடல் மட்டும் வாய் திறப்பதில்லை. அந்நிலையில் உணர்வு எவ்வழியாகக் காண்போரைச் சென்றடைகின்றது என்பதே நடிப்பாய்வின் வினாவாக அமைதல் வேண்டும். பாத்திரத்திற்கு உணர்ச்சி உண்டா என்பது கதையைப் பற்றிய தனி வினாவாகும்.

டேட்டா: பொருளுக்கு இடம்பெயர்ந்த மெய்ப்பாடு

‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ 1987 முதல் 1994 வரை ஏழு பருவங்களாக ஒளிபரப்பானது. அதில் மனித உருவ இயந்திரனாகிய டேட்டாவாக பிரென்ட் ஸ்பைனர் நடித்தார். 1989இல் ஒளிபரப்பான ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ என்னும் பகுதி மேற்கண்ட வினாவையே வழக்காடு மன்றத்தில் நிறுத்துகின்றது. டேட்டாவைப் பிரித்து ஆராய விரும்புகிறார் ஓர் அறிவியலாளர், டேட்டா மறுக்கின்றது. அது விண்படையின் உடைமையா, தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை உடையதா என்பது வழக்கு.

இயந்திரமே என வாதிடுமாறு பணிக்கப்பட்ட ரைக்கர், டேட்டாவின் கையைக் கழற்றிக் காட்டுகிறார். பின்னர் அதன் இயக்கத்தையே நிறுத்திவிடுகிறார். எதிர்த்தரப்பில் நிற்கும் கேப்டன் பிக்கார்ட், டேட்டா தன் பயணப் பையில் எடுத்துவைத்திருந்த பொருள்களை மன்றத்தின் முன் வைக்கிறார். அவற்றுள் இறந்துபோன தோழி ஒருத்தியின் உருவமும் உண்டு. அதனை ஏன் வைத்திருக்கிறாய் என்னும் வினாவிற்கு விடையளிக்கையில் ஸ்பைனரின் முகத்தில் அழுகைக்குரிய குறி எதுவும் தோன்றுவதில்லை. அழுகையின் களன்களுள் ஒன்றாகிய இழவு அப்பொருளில் தங்கிவிடுகின்றது. உடலில் அடைக்கப்பட்ட மெய்ப்பாடு பொருளின் வழியாகவும், விடைக்கு முன் அமையும் சிறு தயக்கத்தின் வழியாகவும் காண்போரை அடைகின்றது.

டேட்டாவின் உடன்பிறப்பாகிய லோராகவும் ஸ்பைனரே நடித்தார். தோற்றம் ஒன்றே, லோரின் முகத்தில் சிரிப்பும் சிறு துடிப்பும் உண்டு. உணர்வை வெளிக்காட்டும் அந்த உடன்பிறப்பே தொடரில் தீயவனாக அமைகிறான். டேட்டாவின் வெறுமை நடிகரின் இயலாமையால் விளைந்ததன்று, தேர்ந்துகொள்ளப்பட்டது என்பதற்கு ஒரே நடிகர் ஏற்ற இவ்விரு பாத்திரங்களே சான்றாகின்றன.

ஜீனோ: குரலும் எதிர்வினையும்

தமிழில் இவ்வினா சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ வழியாகப் பரவலான வாசகரை அடைந்தது. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த இப்புதினம் பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பானது. ஜீனோ நாய் வடிவ இயந்திரம். நூல்களைப் படித்துத் தானே சிந்திக்கத் தொடங்கும் பாத்திரமாக அது வளர்கின்றது.

எழுத்தில் ஜீனோவின் மெய்ப்பாடு முழுதும் அதன் பேச்சில் உள்ளது. எள்ளலும் தன்னடக்கமும் கலந்த அப்பேச்சே நகைக்குக் களனாகின்றது. இத்தகைய பாத்திரம் திரைக்கு வரும்போது நடிப்பு இரு கூறாகப் பிரிகின்றது. ஒரு கூறு குரல் தருபவரைச் சார்ந்தது. மறு கூறு எதிரே நிற்கும் நடிகரைச் சார்ந்தது. ஜீனோவின் சொல்லுக்கு நிலா வியந்தால்தான் பார்வையாளர் வியப்பர். மருட்கையின் களன் இயந்திரத்திலும் அதன் மெய்ப்பாடு மனிதப் பாத்திரத்தின் உடலிலும் அமைவது இங்கு நோக்கத்தக்கது. எனவே இயந்திரப் பாத்திரம் வெற்றிபெற்றதா என ஆராய்வோர் உடன்நடிப்பவரின் எதிர்வினையையும் சேர்த்தே மதிப்பிடுதல் வேண்டும்.

அச்சத்தின் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பவற்றைத் தொல்காப்பியம் சுட்டுகின்றது. இப்புதினத்தில் விலங்கு வடிவினதாகிய ஜீனோ அச்சம் தருவதில்லை. நாட்டையாளும் ஜீவாவே அச்சத்தின் களன். அவ்விறையோ உண்மையான உடலற்ற ஒளியுருவம் எனப் பின்னர் வெளிப்படுகின்றது.

சிட்டி: ஒரே நடிகர், மூன்று நிலை

ஷங்கர் இயக்கிய ‘எந்திரன்’ 2010 அக்டோபர் 1 அன்று வெளியானது. 2008இல் மறைந்த சுஜாதாவுக்கும் அதன் உரையாடலில் பங்குண்டு. அறிவியலாளர் வசீகரனாகவும் இயந்திரன் சிட்டியாகவும் ரஜினிகாந்த் நடித்தார். இப்படத்தைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் முன்னிற்பது பிற்பகுதியில் வரும் தீய சிட்டி. நகை, வெகுளி, உவகை ஆகிய மெய்ப்பாடுகள் மிகுந்திருப்பதால் அதனை எளிதில் அடையாளங்காணவும் பாராட்டவும் முடிகின்றது.

முற்பகுதிச் சிட்டியின் நடிப்பு வேறு வகையானது. கையூட்டுக் கேட்கும் போக்குவரத்துக் காவலர் பயன்படுத்தும் வழக்குச் சொல்லை நேர்ப்பொருளில் கொண்டு அவரது கையைச் சிட்டி வெட்டிவிடுகின்றது. பேதைமையை நகையின் களனாகத் தொல்காப்பியம் கூறுவதற்கு இக்காட்சி பொருந்துகின்றது. எனினும் வெட்டுவதற்கு முன் சிட்டியின் முகத்தில் வெகுளியோ தயக்கமோ இல்லை. முன்குறிப்பின்றிச் செயல் நிகழ்வதே காட்சியின் நகைக்கும் அதனுள் மறைந்துள்ள அச்சத்திற்கும் காரணமாகின்றது.

மூன்றாம் நிலை, வசீகரன் இயந்திரனாக வேடமிட்டுச் சிட்டிகளின் கூட்டத்திற்குள் நுழையும் காட்சி. அங்கு மனிதன் தன் அச்சத்தை மறைத்து இயந்திரமாக நடிக்கிறான். அவனைத் தேடும் இயந்திரமோ ஆட்டைப்போல் கத்தி ஏளனம் செய்கின்றது. மெய்ப்பாட்டை அடக்கும் மனிதன், மெய்ப்பாடு பெருகிய இயந்திரம் என நிலைகள் இடம்மாறும் இக்காட்சி, வெறுமுகமும் நடிப்பே என்பதைக் கதைக்குள்ளேயே நிறுவிவிடுகின்றது.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம்: மெய்ப்பாடற்ற இயந்திரம்

புனைவு இயந்திரன்களை மெய்யான இயந்திரன்களோடு ஒப்பிட இவ்வழித்தடம் தக்க களமாகின்றது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை ‘எந்திரன்’ வெளிவந்த அதே 2010இல் திறக்கப்பட்டது. கார் ஆலைகளின் பற்றவைப்புக் கூடங்களில் இயங்கும் இயந்திரன்களுக்கு முகமில்லை, குரலில்லை. கை மட்டுமே உண்டு.

மனிதர் அருகருகே பணிபுரிகையில் ஒருவரது கண்ணும் தோளும் அவரது அடுத்த அசைவை மற்றவருக்கு முன்னறிவிக்கின்றன. இயந்திரக் கை அவ்வாறு அறிவிப்பதில்லை. அசையாது நிற்கும் கை பணி முடித்து நிற்கின்றதா, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கின்றதா என்பதை அதன் தோற்றம் காட்டாது. இக்குறையை ஈடுசெய்யவே வேலியும், குறுக்கிட்டால் இயக்கத்தை நிறுத்தும் ஒளித்திரையும், சிவப்பு – மஞ்சள் – பச்சை விளக்குத் தூணும் அமைக்கப்படுகின்றன. வேலிக்குள் நின்று அசைவுகளைக் கற்பிப்பவரின் பாதுகாப்புக்காக, கையின் வேகத்தை நொடிக்கு 250 மில்லிமீட்டருக்குள் கட்டுப்படுத்த வேண்டும் என்பது பன்னாட்டுப் பாதுகாப்பு நெறி. விளக்குத் தூணை இயந்திரத்திற்கு மனிதர் பொருத்திய செயற்கை மெய்ப்பாடு எனலாம்.

இம்மெய்ப்பாடு எத்துணை இன்றியமையாதது என்பதை அதே 2010ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இப்பகுதியின் மின்னணு ஆலை ஒன்றில் நிகழ்ந்த உயிரிழப்பு உணர்த்துகின்றது. அங்குப் பணியாற்றிய இளம்பெண் ஒருவர் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். திரையரங்குகளில் சிட்டி மக்களைச் சிரிக்கவும் அஞ்சவும் வைத்த காலமும் இதுவே. புனைவின் இயந்திரன் தீங்கு செய்யுமுன் பெரும்பாலும் கண் சிவக்கின்றது, சிரிக்கின்றது, சூளுரைக்கின்றது. தொழிற்கூட இயந்திரத்திற்குப் பகையும் இல்லை. பகையின் அறிகுறியும் இல்லை. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினுள் எதனோடும் முழுமையாகப் பொருந்தாத புதிய அச்சக்களன் இது. முற்பகுதிச் சிட்டியின் முன்குறிப்பற்ற செயலே இவ்வச்சத்திற்கு மிக நெருங்கி வருகின்றது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. இயந்திரப் பாத்திரத்தின் உணர்ச்சி கதை சார்ந்த வினா; மெய்ப்பாடு சென்றடையும் வழி நடிப்பு சார்ந்த வினா. இரண்டையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

2. உடலில் அடைக்கப்பட்ட மெய்ப்பாடு டேட்டாவிடம் பொருளுக்கும் தயக்கத்திற்கும், ஜீனோவிடம் குரலுக்கும் உடன்நடிப்பவரின் எதிர்வினைக்கும், முற்பகுதிச் சிட்டியிடம் முன்குறிப்பற்ற செயலுக்கும் இடம்பெயர்கின்றது. அவ்விடப்பெயர்ச்சியின் செம்மையே நடிப்பின் அளவுகோலாகும்.

3. மெய்ப்பாடு மிகுந்த தீய இயந்திரனை மட்டும் பாராட்டும் மதிப்பீடு, மனித நடிப்பின் அளவுகோலையே இயந்திரப் பாத்திரத்திற்கும் பொருத்துகின்றது.

4. இயந்திரங்களோடு அன்றாடம் பணிபுரிவோர், அசைவற்ற நிலையையும் குறியாகக் கொண்டு படிக்கப் பழகியவர்கள். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதித் தொழிலாளர்கள் இத்தகைய காட்சிகளை எவ்வாறு பொருள்கொள்கின்றனர் என்பதைக் கள ஆய்வாக மேற்கொள்வது தமிழ் நடிப்பாய்விற்குப் புதிய தரவுகளைத் தரும்.