பழங்காசுகள் கூறும் காலம்

நாம் அன்றாடம் புழங்கும் நாணயம் ஒன்றைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். அஃது அடிக்கப்பட்ட ஆண்டு எண்ணாலேயே அதன்மீது பொறிக்கப்பட்டிருக்கும். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் உரோமப் பேரரசர்கள் வெளியிட்ட காசுகளில் இவ்வாறு ஆண்டு எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆயினும், அறிஞர்கள் அவற்றுட் பலவற்றை ஆராய்ந்து, இஃது இன்ன ஆண்டில் இன்ன திங்களுக்குள் அடிக்கப்பட்டது என்று துணிந்து கூறுகின்றனர். இஃது எங்ஙனம் இயலும்?

உரோமக் காசின் ஒருபுறம் பேரரசரின் தலையும், அதனைச் சுற்றி அவருடைய பெயரும் பட்டங்களும் இருக்கும். இடம் போதாமையால் சொற்கள் எல்லாம் ஓரெழுத்து, ஈரெழுத்து, மூவெழுத்தாகச் சுருக்கி எழுதப்பட்டிருக்கும். அப்பட்டங்களுள் மூன்று நமக்கு முதன்மையானவை. முதலாவது, மக்கள் காவலர் என்னும் அதிகாரம். இஃது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு எண்ணப்பட்டது. இரண்டாவது, கான்சல் என்னும் உயர்பதவி. அதனைப் பேரரசர் எத்தனை முறை ஏற்றார் என்பதும் எண்ணப்பட்டது. மூன்றாவது, படைகள் வெற்றி பெறும்போது பேரரசருக்கு எழுப்பப்படும் வெற்றி வாழ்த்தின் எண்.

எடுத்துக்காட்டாக, தைத்தஸ் என்னும் பேரரசர் வெளியிட்ட யானைக் காசு ஒன்றைக் காண்போம். அதில் மக்கள் காவலர் அதிகாரம் ஒன்பது என்றும், கான்சல் பதவி எட்டு என்றும் உள்ளன. ஒன்பதாம் முறை அதிகாரம் கி.பி. 79 சூலை முதல் 80 சூன் முடிய நின்றது. எட்டாம் முறை கான்சல் ஆனதோ கி.பி. 80 சனவரியில். இரண்டும் பொருந்தும் காலம் ஆறே திங்கள்! கொலோசியம் என்னும் பெரும் விளையாட்டரங்கைத் தைத்தஸ் திறந்துவைத்ததும் அந்த 80ஆம் ஆண்டில்தான். யானை காசில் ஏறியதன் காரணம் இப்பொழுது விளங்குகிறதன்றோ?

இவ்வெண்களுள் ஒன்றைத் தவறாகப் படித்தால் என்ன நேரும் என்பதற்குப் பொம்பேயி நகரமே சான்று. இத்தாலியிலுள்ள வெசூவியஸ் எரிமலை கி.பி. 79இல் வெடித்து அந்நகரைச் சாம்பலில் புதைத்தது. அது நிகழ்ந்த நாள் ஆகஸ்டு 24 என்பது நெடுங்காலமாக வழங்கிய கருத்து. 1974இல் அந்நகரின் 'பொற்கடக இல்லம்' என்னும் வீட்டில், தப்பியோட முயன்று மாண்டவர்களின் உடல்களோடு காசுக் குவியல் ஒன்று கிடைத்தது. அதிலிருந்த தைத்தஸின் வெள்ளிக்காசு ஒன்றில் வெற்றி வாழ்த்து பதினைந்து என்று சிலர் படித்தனர். ஆனால், கி.பி. 79 செப்டம்பர் 8ஆம் நாளிட்ட ஆவணத்தில் தைத்தஸின் வாழ்த்து எண் பதினான்காகவே உள்ளது. அவ்வாறாயின் அக்காசு செப்டம்பர் 8க்குப் பிந்தியதாகும். ஆகஸ்டில் அழிந்த ஊருக்குள் அஃது எவ்வாறு வந்திருக்கக் கூடும்? ஒரு சிறு காசு, பல நூற்றாண்டுகளாக நம்பப்பட்ட நாளையே மறுக்கும் நிலை ஏற்பட்டது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு ஆப்டி அக்காசினை மீண்டும் ஆராய்ந்து, அதிலுள்ளது பதினைந்தன்று, பதினான்கே என்று 2013இல் எழுதினார். உரோம எழுத்தில் பத்துக்குரிய குறியை அடுத்து நான்கு சிறு கோடுகள் நின்றால் பதினான்கு. ஐந்துக்குரிய கூர்முனைக் குறி நின்றால் பதினைந்து. தேய்ந்துபோன காசில் இவ்வேறுபாடு நகக்கண்ணினும் சிறிது. இதனால் ஆகஸ்டு உறுதியாகிவிட்டது என்று எண்ணிவிட வேண்டா. அக்டோபர் 17 என்று நாள் குறித்த கரியெழுத்து ஒன்று 2018இல் பொம்பேயியின் சுவரில் கண்டறியப்பட்டது. காசு அவ்வழக்கில் சாட்சியாக நிற்க இயலாது என்பதே முடிவு. நம் கருத்தில், ஒரு சாட்சியை விலக்குவதும் அறிவின் பயனே.

இத்தகைய ஆய்வுக்கு அடிப்படை, நல்ல பட்டியல். வியன்னாவைச் சேர்ந்த எக்கேல் என்பார் 1792 முதல் 1798 வரை எட்டுத் தொகுதிகள் வெளியிட்டு இத்துறைக்கு வித்திட்டார். அடுத்த நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் கோகென், ஒவ்வோர் அரசரின் காசுகளையும் பின்புற எழுத்துகளின் அகர வரிசையில் அடுக்கினார். அது தேடுவதற்கு எளிது, காலமோ கலைந்துவிடும். 1923இல் மாட்டிங்லி, சைடன்காம் ஆகிய இருவரும் தொடங்கிய 'உரோமப் பேரரசின் நாணயம்' என்னும் பெரும்பட்டியல், அரசர், அச்சடித்த ஊர், காலம் என்னும் முறையில் காசுகளுக்கு எண்ணிட்டது. அதன் பத்தாம் தொகுதி 1994இல் வெளிவந்தது. முன்னைய தொகுதிகள் திருத்தப்பட்டு இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

அப்பட்டியலின் நுட்பத்தைப் பாருங்கள். தைபீரியஸ் பேரரசரின் வெள்ளிக்காசின் பின்புறம் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். 1984இல் திருத்தப்பட்ட முதல் தொகுதியில், நாற்காலியின் கால்கள் வேலைப்பாடின்றி இருந்தால் ஓர் எண். வேலைப்பாட்டுடன் இருந்தால் எண் 30. நாற்காலிக் காலுக்குக் கூட ஓர் எண்ணா என்று நகைக்கத் தோன்றும். ஆனால் எங்கோ ஒரு சிற்றூரில் கிடைத்த காசினை, படமின்றியே, கடல் கடந்த அறிஞர் அறிந்துகொள்வது இவ்வெண்ணால்தான்.

இதே காசு தமிழகத்து மண்ணிலும் மிகுதியாகக் கிடைத்துள்ளது. மிளகும் மணிக்கற்களும் மேற்கே சென்றன. உரோமப் பொன்னும் வெள்ளியும் இங்கு வந்தன. கோவைக்கு அருகிலுள்ள வெள்ளலூரில் 1842இல் 522 வெள்ளிக்காசுகள் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவை தைபீரியசும் அவருக்கு முன்னிருந்த அகஸ்டசும் வெளியிட்டவை.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 பொற்காசுகள் கொண்ட புதையல் வெளிப்பட்டது. ஹில் என்னும் அறிஞர் அவ்வாண்டே அதனைப் பட்டியலிட்டு வெளியிட்டார். புதையலின் காலத்தை அறிய, அதிலுள்ள மிகப் பிந்திய காசினைத் தேட வேண்டும். அதற்கு முன்னர் அது புதைக்கப்பட்டிருக்க முடியாது. இங்குப் பிந்தியவை கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பேசியனுடையவை. புதையலைக் கண்டெடுத்தவர் ஆளுக்குச் சிலவாகப் பங்கிட்டு உருக்கிவிட்டால், அந்தக் கடைசிக் காசும் உருகிவிடும்; பிறகு எவராலும் காலத்தைக் கூறவியலாது.

மற்றொரு வியப்பு. அப்பொற்காசுகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டியிருக்கிறார்கள். பொன் மெய்யோ பொய்யோ என்று சோதித்தனர் என்பர் சிலர். நாணயமாகப் புழங்காதபடி செல்லாக்காசாக்கினர் என்பர் வேறு சிலர். சோதிப்பதாயின் ஓரத்தில் வெட்டினாலே போதுமே! முகத்தையே குறிவைத்து வெட்டியிருத்தலால், இரண்டாவது கருத்தே பொருத்தமாக நமக்குத் தோன்றுகிறது.