அப்டேட் போட்டா செட்டிங்ஸ் ஏன் காணாமப் போகுது?

வல்லக்கோட்டை பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு நான் எழுதின முதல் லினக்ஸ் மென்பொருள். புரோகிராம், செட்டிங்ஸ், லாக் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டிருந்தேன். புது வெர்ஷனுக்காகப் பழைய ஃபோல்டரை அழிச்சேன். மெஷின் மெஷினா ஆபரேட்டர் அண்ணன்கள் பார்த்துப் பார்த்து வெச்ச அளவுகளும் சேர்ந்து போச்சு. தப்பு என்னோடதுதான்.

லினக்ஸ்ல எது எங்கே இருக்கணும்னு 1994-லயே எழுதி வெச்சுட்டாங்க. அதோட 3.0 பதிப்பு 2015-ல் வந்தது. சுருக்கமா சொன்னா, புரோகிராம் 'யூஎஸ்ஆர்' கீழே, செட்டிங்ஸ் 'எட்சி'யில், சேர்ந்துகிட்டே போகிற தரவும் லாகும் 'வார்' கீழே.

ஏன் பிரிக்கணும்? மூணுக்கும் ஆயுசு வேற. புரோகிராம் ஒவ்வொரு அப்டேட்டிலும் மாறும், தரவு தினமும் வளரும், ஆனா செட்டிங்ஸ் பயன்படுத்துறவங்களோட சொத்து. முறையா டெபியன் பேக்கேஜா கட்டினா, எட்சியில் நீங்க திருத்தின ஃபைல் மேல அப்டேட் கேட்காம கை வைக்காது. பேக்கேஜை நீக்கினாலும் அது அங்கேயே இருக்கும். 'பர்ஜ்' கொடுத்தாத்தான் போகும். சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான், அங்கேயும் இதே கதைதான்.

இப்போ ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இது அழிஞ்சா யாரோட உழைப்பு போகும்? "ஆபரேட்டரோடது"ன்னு பதில் வந்தா, அதுக்கு யூஎஸ்ஆர்ல இடமில்லை.