தைலச் சீசா எங்கே இருக்கிறது? குழந்தை உள்ள வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை!

இரவு மணி 11. ஊர் தூங்கிவிட்டது.

அந்த வீட்டில் மட்டும் யாரும் தூங்கவில்லை. மூன்று வயதுப் பையனுக்குச் சளி. இருமி இருமி அழுகிறான்.

"டாக்டர் கொடுத்த இருமல் மருந்தை ஒரு கரண்டி கொடம்மா. குழந்தை தூங்கட்டும்" என்கிறாள் பாட்டி.

தாய் எழுந்து அலமாரிக்குப் போகிறாள். அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றுவிடுகிறது. இருட்டில் கையால் தடவுகிறாள். சின்னச் சீசா ஒன்று அகப்படுகிறது. தேக்கரண்டியில் ஊற்றிக் குழந்தையின் வாயில் விடுகிறாள்.

குழந்தைக்குப் புரை ஏறுகிறது. வீரிட்டு அழுகிறான். குப்பென்று ஒரு வாசனை!

"ஐயோ அத்தை! இது நீலகிரித் தைலம்!"

"தைலம்தானே, பயப்படாதே. சளிக்கு நல்லதுதான்" என்று பாட்டி சமாதானம் சொல்கிறாள்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குழந்தையின் கண்கள் சொக்குகின்றன. நிற்க வைத்தால் கால் தள்ளாடுகிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. அலறி அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். பிழைத்தது மறுபிறவி!

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. ஊர் வேறு, பெயர் வேறு. இதே தவறு பல வீடுகளில் நடக்கிறது.

மூலிகைதானே?

தலைவலியா? தைலம். மூக்கடைப்பா? தைலம். பல்வலியா? கிராம்புத் தைலம். மூட்டுவலியா? அதற்கும் ஒரு தைலம். நம் வீடுகளில் தைலம் இல்லாத அலமாரி கிடையாது.

அளவோடு, இடம் அறிந்து பயன்படுத்தினால் தைலம் நல்ல நண்பன். இதில் சந்தேகம் இல்லை. ஆனால், "மூலிகையில் இருந்து வந்ததுதானே, கெடுதல் செய்யாது" என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் ஆபத்து!

அரளி விதையும் செடியில் இருந்து வந்ததுதான். எட்டிக்காயும் மரத்தில் காய்த்ததுதான். அவற்றை யாராவது வாயில் போடுவார்களா?

அயல்நாட்டு மரம்

நீலகிரித் தைலம் என்று பெயர். ஆனால் அந்த மரத்தின் சொந்த ஊர் நீலகிரி அல்ல, ஆஸ்திரேலியா! யூகலிப்டஸ் என்பது அதன் பெயர். ஆஸ்திரேலியாவில் 1850-களில் ஜோசப் போசிஸ்டோ என்ற மருந்துக்காரர் அதன் இலையில் இருந்து எண்ணெய் எடுத்து விற்கத் தொடங்கினார்.

நீலகிரிக்கு இந்த மரம் வந்தது 19-ம் நூற்றாண்டில். விறகுக்காக வெள்ளைக்காரர்கள் அதை வளர்த்தார்கள். மலை முழுவதும் பரவியது. தைலமரம் என்று நம் மக்கள் பெயர் வைத்தார்கள்.

இலையைப் பெரிய அண்டாவில் போட்டுக் காய்ச்சுவார்கள். ஆவி ஒரு குழாய் வழியே போய்க் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக விழும். தண்ணீர் கீழே நிற்கும். எண்ணெய் மேலே மிதக்கும். அதை வடித்தால் தைலம்.

100 கிலோ இலையைக் காய்ச்சினால் ஒன்றிரண்டு கிலோ எண்ணெய் கிடைத்தால் பெரிது. ரோஜா எண்ணெயைக் கேட்கவே வேண்டாம். ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் 4,000 கிலோ ரோஜா இதழ் தேவை!

இதில் இருந்து என்ன தெரிகிறது? ஒரு கூடை இலையில் இருக்கும் சத்து முழுவதும் ஒரு சிறு சீசாவுக்குள் அடைபட்டு இருக்கிறது. இரண்டு இலையைக் கொதிநீரில் போட்டு ஆவி பிடிப்பது வேறு. ஒரு கரண்டித் தைலத்தை விழுங்குவது வேறு. குழந்தைக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான அளவே நினைவு தப்பச் செய்துவிடும். வலிப்பும் வரலாம்.

கற்பூரம் கற்கண்டு அல்ல!

பூஜை அறையில் கற்பூர டப்பா இருக்கிறது. வெள்ளை வெளேர் என்று சின்னச் சின்ன வில்லைகள். குழந்தையின் கண்ணுக்கு அது கற்கண்டு! எடுத்து வாயில் போட எவ்வளவு நேரம் ஆகும்?

கற்பூரம் வயிற்றுக்குள் போனால் மிக வேகமாக வேலை செய்யும். சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். ஒரே ஒரு கிராம் கற்பூரம் சிறு குழந்தையின் உயிரைக் குடித்தது உண்டு.

அமெரிக்காவில் கற்பூரம் கலந்த எண்ணெயைக் கடைகளில் விற்று வந்தார்கள். மார்பில் தடவுவதற்கான எண்ணெய் அது. விளக்கெண்ணெய் என்று தவறாக நினைத்துப் பலர் அதைக் குழந்தைகளுக்குப் புகட்டிவிட்டார்கள். விபரீதம் தொடர்ந்தது. கடைசியில் 1982-ல் அந்த எண்ணெயை விற்கவே அந்நாட்டு அரசு தடை விதித்தது. தடவும் மருந்துகளிலும் கற்பூரம் நூற்றுக்கு 11 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது.

நம் வீடுகளிலும் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சி, குழந்தையின் மார்பில் தேய்ப்பது வழக்கம். எத்தனை கற்பூரம்? எவ்வளவு எண்ணெய்? கணக்கே கிடையாது. கற்பூரம் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். கைக்குழந்தையின் தோல் மெல்லியது. ஆகவே இரண்டு வயதுக்குக் கீழே இந்தத் தேய்ப்பு வேண்டவே வேண்டாம்.

பெட்டியில் துணிகளுக்கு நடுவே போடும் பாச்சை உருண்டையும் ஏறக்குறைய இதே போல் இருக்கும். அது கற்பூரம் அல்ல, வேறு விஷம். அதை விழுங்கினால் சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்கள் உடைந்துபோகும்.

ஒரு கரண்டிக்கு 20 மாத்திரை!

ஊட்டிக்குப் போனவர்கள் "விண்டர்கிரீன்" தைலம் வாங்கி வருவார்கள். மூட்டுவலிக்குத் தேய்க்கும் தைலம் அது. வலிக்குத் தடவும் களிம்புகள் பலவற்றிலும் இதே சரக்கு இருக்கிறது.

இந்தத் தைலம் ஆஸ்பிரின் மாத்திரையின் நெருங்கிய உறவு. கலப்பு இல்லாத தைலத்தில் ஒரு தேக்கரண்டி, 20-க்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம்! குழந்தை ஒரு மடக்குக் குடித்தால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா?

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதய நோய்க்காக, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தத் தைலத்தை நிறையத் தேய்த்துக்கொண்டால் ரத்தக் கசிவு ஏற்படலாம். டாக்டரைக் கேட்காமல் தேய்க்கக்கூடாது.

கிராம்புத் தைலமும் அப்படியே. பல்வலிக்குப் பஞ்சில் ஒரு சொட்டு வைப்பது பெரியவர்களுக்குச் சரி. பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் தடவினால் ஈறு வெந்துவிடும். விழுங்கினால் கல்லீரல் கெடும்.

மூக்கின் அருகே வேண்டாம்

குழந்தைக்கு மூக்கடைப்பு. பாவம், பால் குடிக்க முடியவில்லை. உடனே சுண்டு விரலால் களிம்பை எடுத்து மூக்கின் கீழே தடவுகிறார்கள்.

இது பெரிய தவறு. புதினா உப்பும் கற்பூரமும் கலந்த காரம் குழந்தையின் மூக்கில் ஏறினால், குரல்வளை சட்டென்று இறுகிவிடலாம். மூச்சே நின்றுபோகலாம்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் காரமான வாசனை ஆகாது. இழுப்பு அதிகமாகும். இப்போது பல வீடுகளில் மின்சாரத்தால் வாசனை பரப்பும் கருவி வந்திருக்கிறது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு இரவு முழுவதும் அதை ஓடவிடக்கூடாது.

வலிப்பு நோய் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். யூகலிப்டஸ் தைலத்தை முகர்ந்த பிறகு வலிப்பு வந்தவர்களைப் பற்றி பெங்களூரு நரம்பியல் டாக்டர்கள் 2017-ல் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் எழுதியிருக்கிறார்கள். "வலிப்பு ஏன் வந்தது?" என்று கேட்கும் டாக்டர்கள், "தைலம் தடவினீர்களா?" என்றும் கேட்க வேண்டும் என்பதே அதில் உள்ள பாடம். நோயாளியின் வீட்டாரும் தாமாகவே அதைச் சொல்வது நல்லது.

கர்ப்பிணிகள் எந்தத் தைலத்தையும் டாக்டரைக் கேட்ட பிறகே தொட வேண்டும்.

விழுங்கிவிட்டால்?

பதற வேண்டாம். செய்யக்கூடாததை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள்! தொண்டையில் விரலை விடாதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாந்தி வரும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்றுக்குள் போன தைலத்தைவிட, நுரையீரலுக்குள் போன தைலம் கொடியது.

"குழந்தை சும்மாதானே விளையாடுகிறான், காலையில் பார்க்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 108 ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் விஷ முறிவு ஆலோசனை நிலையம் இருக்கிறது. அதன் கட்டணம் இல்லாத டெலிபோன் எண் 1800 116 117.

சீசாவையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்தத் தைலம், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று டாக்டர் பார்த்த உடனே தெரிந்துகொள்வார்.

வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவியைக் கொடுத்தால் வலிப்பு நிற்காது, நேரம்தான் வீணாகும்.

தைலம் கண்ணில் பட்டால், கசக்காமல் சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். பிறகு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இதைச் செய்யுங்கள்

* தைலம், களிம்பு, கற்பூரம் மூன்றையும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

* சாப்பிடும் மருந்தையும் தடவும் மருந்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். சீசாவில் பெரிய எழுத்தில் "தடவ மட்டும்" என்று எழுதி ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர் வீட்டில் இருந்தால், சீசாவின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி அடையாளம் காட்டுங்கள்.

* விளக்கைப் போட்டு, சீசாவைப் படித்த பிறகே மருந்தை ஊற்றுங்கள்.

* தைலத்தை அப்படியே தோலில் தடவாதீர்கள். பெரியவர்களுக்கு 30 மில்லி தேங்காய் எண்ணெயில் 10 சொட்டுக்குள் போதும். முதலில் முழங்கையில் சிறிது தடவிப் பாருங்கள். அரித்தால் விட்டுவிடுங்கள்.

* குழந்தைக்கு ஆவி பிடிக்க வைக்காதீர்கள். கொதிக்கும் பாத்திரம் சாய்ந்தால் உடம்பு வெந்துபோகும்.

* தைலம் தீப்பற்றும். அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் வைக்காதீர்கள்.

கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் தைலம் இல்லாமலே உதவ முடியும். டாக்டர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விடலாம். அடிக்கடி தாய்ப்பால் கொடுக்கலாம். மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

முதலில் சொன்ன வீட்டில் அந்தச் சீசாக்கள் இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே தட்டு. தாயின் அன்பில் குறை இல்லை. பாட்டியின் அக்கறையிலும் குறை இல்லை. சீசா இருந்த இடம்தான் தவறு.

உங்கள் வீட்டில் தைலச் சீசா எங்கே இருக்கிறது? எழுந்து போய் இப்போதே பாருங்கள்!