தேடலின் முதல் விடை: இணையத்தில் தமிழ் விடை எழுதும் முறை

தேடுபொறியில் ஒரு வினாவை இட்டவுடன், முடிவுப் பட்டியலுக்கு மேலே ஒரு கட்டத்துள் சில வரிகள் விடையாகத் தோன்றுவதுண்டு. கூகுள் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் கொண்டுவந்த இவ்வசதியை இக்கட்டுரை ‘விடைப்பெட்டி’ எனக் குறிக்கும். அவ்வரிகளை அந்நிறுவனம் எழுதுவதில்லை. ஏதேனும் ஓர் இணையப்பக்கத்திலிருந்து பொறி தானாகவே அவற்றை எடுத்துக் காட்டுகிறது. 2024 முதல், பல பக்கங்களைத் தொகுத்துச் செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கமும் சில தேடல்களில் மேலே வருகிறது. அதற்கும் மூலம் இணையப்பக்கங்களே. மாணவர் பலர் அப்பெட்டியைப் படித்ததோடு நின்றுவிடுகின்றனர். ஆகவே, அங்கே எவருடைய வரிகள் நிற்கின்றன என்பது மொழிக்கல்வியைச் சார்ந்த கேள்வியாகிறது.

பெட்டியில் வருவதெல்லாம் உண்மையன்று என்பதை முதலில் உணரவேண்டும். 2021 ஜூன் மாதத்தில், இந்தியாவின் அழகற்ற மொழி எது என்று ஆங்கிலத்தில் தேடியவர்களுக்குக் ‘கன்னடம்’ என்ற விடை பெட்டியில் தோன்றியது. கர்நாடகம் கொதித்தெழுந்தது. சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என மாநில அமைச்சர் அறிவித்தார். கூகுள் அவ்விடையை நீக்கி மன்னிப்புக் கேட்டது. மொழியின் அழகை அளக்கும் கோல் எதுவும் மொழியியலில் இல்லை. எனினும் வினாவின் சொற்களோடு பொருந்திய வரி எங்கோ ஒரு பக்கத்தில் இருந்தது. பொறி அதனை எடுத்தது. உரோமர் இரவில் எவ்வாறு நேரம் அறிந்தனர் என்ற வினாவுக்குச் சூரியக் கடிகாரத்தை விடையாகக் காட்டிய பிழையை 2018இல் அந்நிறுவனமே எடுத்துக்காட்டி விளக்கியது. பொறி வினாவுக்குப் பொருந்துவதைத் தேடுகிறது. அது மெய்யா என்று ஆசிரியரைப்போல் ஆராய்வதில்லை. மெய்யானதை அறிந்தவர்கள் எழுதாவிடில், அவ்விடத்தை வேறு எவரோ நிரப்புவர்.

தமிழில் இவ்வாறு எழுதுவதற்கு நம் இலக்கணமே வழிகாட்டுகிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் எண்வகை விடைகளைக் கூறுகிறார். அவற்றுள் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வினாவுக்கு நேரடியாக அமைவன. ஏனைய ஐந்தும் குறிப்பாக விடை உணர்த்துவன. விடைப்பெட்டிக்கு உரியவை நேரடி விடைகளே. இதனடிப்படையில் பின்வரும் நெறிகளைக் கொள்ளலாம்.

முதலாவதாக, மக்கள் கேட்கும் வினாவையே துணைத்தலைப்பாக இடுக. ‘கல்விச் சுவடுகள்’ என்ற தலைப்பைவிட, ‘மலேசியாவில் தமிழ்க் கல்வி எப்போது தொடங்கியது?’ என்பது தேடுவோரின் சொற்களோடு ஒத்துப்போகும்.

இரண்டாவதாக, தலைப்பை அடுத்து இரண்டு மூன்று வாக்கியங்களில் விடையைத் தருக. முன்னுரையும் வாழ்த்தும் விடைக்கு முன் வரலாகாது.

மூன்றாவதாக, விடை தனித்து நின்றாலும் பொருள் தரவேண்டும். தமிழில் எழுவாயை விட்டு எழுதுவது இயல்பு. ஆனால் ‘1816இல் தொடங்கப்பட்டது’ என்னும் வரியைப் பிரித்தெடுத்தால், தொடங்கப்பட்டது எது என்பது தெரியாது. ‘இன்றைய மலேசியாவில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூல் பள்ளியில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கியது’ என எழுதினால், வரி எங்குச் சென்றாலும் பொருள் சிதையாது. ‘இன்றைய’, ‘ஒரு வகுப்பாக’ என்னும் வரையறைகள் அதே வாக்கியத்தில் இருப்பதையும் நோக்குக. அவற்றை அடுத்த பத்திக்குத் தள்ளினால், பெட்டியில் அவை விடுபட்டு, தனித் தமிழ்ப்பள்ளியே அப்போது தோன்றியதாகப் பிழைபடப் பொருள்படும்.

நான்காவதாக, செய்முறையை எண்ணிட்ட படிகளாகவும் ஒப்பீட்டை அட்டவணையாகவும் அமைக்க. பெட்டி பத்தி, பட்டியல், அட்டவணை என மூவகையாகவும் தோன்றும்.

ஐந்தாவதாக, எழுத்து ஒருங்குறியில் இருத்தல் வேண்டும். பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சிட்டு மாற்றப்படாத பக்கங்களைப் பொறி தமிழாகப் படித்தறிவது கடினம். படமாக ஒட்டப்பட்ட மலர்ப் பக்கங்களுக்கும் இக்குறை உண்டு.

ஆறாவதாக, பெயர்களைத் தெளிவாக வரையறுக்க. லாயாங் லாயாங் என்னும் நம் ஊர்ப்பெயர் மலாய் மொழியில் பட்டத்தையும், தகைவிலான் குருவியையும் குறிக்கும். சபாவை அடுத்த தென்சீனக் கடலில் ஒரு தீவும் இப்பெயர் கொண்டது. எனவே ‘ஜொகூர் மாநிலம், குளுவாங் மாவட்டம், ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் இடையே இரயில் பாதையில் அமைந்த லாயாங் லாயாங்’ என ஒருமுறையேனும் எழுதவேண்டும். ஜொகூர், ஜோகூர் என இருவகையாகவும் எழுதப்படும் பெயர்களில் மற்ற வடிவத்தையும் ஓரிடத்தில் சுட்டுவது நன்று.

இந்நெறிகள் பெட்டியில் இடம் பெறும் வாய்ப்பைக் கூட்டுமே அன்றி உறுதி அளிக்கா. ஒரு பக்கத்தைப் பெட்டிக்கு உரியதென எழுதியவர் தாமே குறித்துவிட இயலாது. வேண்டாமென விலக்கிக்கொள்ள மட்டுமே இயலும். மேலும், பெட்டியிலேயே விடை கிடைத்துவிட்டால் வாசகர் பக்கத்துக்கு வராமலும் போகலாம். இதற்கு அஞ்சி விடையை மறைத்து எழுதுவது ஆசிரியப் பணிக்கு ஒவ்வாது. சுருக்கமான விடையின் கீழ், பெட்டிக்குள் அடங்காத சான்றுகளையும் கருத்து வேறுபாடுகளையும் விரிவாகத் தருவதே தக்கது. காண்டிகையுரையும் விருத்தியுரையும் ஒரே நூலுக்கு அமைந்ததுபோல, சுருக்கமும் விரிவும் ஒரே பக்கத்தில் அமையட்டும்.

இதனை வகுப்பறையில் எளிதாகப் பயிற்றலாம். ஊரின் இரயில் நிலையம், தோட்டங்கள், கோவில்கள், பள்ளிகள் ஆகியவற்றைப் பற்றி ஒவ்வொரு மாணவரும் ஒரு வினா எழுப்பட்டும். பெரியோரிடம் கேட்டும் ஆவணங்களோடு ஒப்பிட்டும், ஐம்பது சொற்களுக்குள் விடை எழுதட்டும். ஆண்டும் சான்றும் சரிபார்க்கப்பட்ட பின், பள்ளியின் வலைத்தளத்தில் அது இடம்பெறலாம். நம் ஊரைப் பற்றி நாளை ஒரு பிள்ளை தமிழில் வினவும்போது, ஊரறிந்தவர் எழுதிய விடை அங்கே இருக்கவேண்டும்.